பூனைப்பால் கேள்வியும் எங்கள் சங்கமும்

போன வாரம் வருமான வரி பாரத்தைத் தூக்கிக்கொண்டு பினாங்கு பர்மா ரோட்டில் ஒரு வரி ஏஜெண்டிடம் போயிருந்தேன். சின்னப் பெண். அவளுக்குப் பின்னால் சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். நான் வாய் பிளந்து பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "ஐயாவுக்கு இந்த வேலை தெரியுமா?" என்றாள். "தெரியும்மா. ஆனா பரீட்சையில ஃபெயில்" என்றேன். மேசையிலிருந்து ரப்பர் முத்திரையின் மை வாசனை வந்தது. அவ்வளவுதான், எனக்கு இருபத்திரண்டு வயசாகிவிட்டது.

ஐரோப்பாவில் நடந்த முதல் பெரிய சண்டைக்காகப் பினாங்கிலும் வருமான வரி போட்டார்கள். சண்டை ஓய்ந்தும் வரி ஓயவில்லை. கடைத்தெருவில் ஒவ்வொரு முதலாளிக்கும் ஆங்கிலத்தில் ஒரு பாரம். நாலெழுத்து இங்கிலீஷ் தெரிந்தவனெல்லாம் வரி நிபுணன். டிராம் கண்டக்டர் ஒருவர் டிக்கெட் கிழித்தபடியே ஆலோசனை சொல்வார். இந்தக் கூத்துக்கு முடிவு கட்ட மூன்று குமாஸ்தாக்கள் சங்கம் ஆரம்பித்தோம்: காதர் அண்ணன், சின்னையா, நான். எனக்கு இன்னொரு காரணமும் உண்டு, உங்களிடம் ஒளிப்பானேன்? ஜவுளிக்கடைக்காரர் மகள் கமலத்தின்மேல் எனக்கு உயிர். அவள் அப்பாவோ, "பரீட்சை பாஸ் பண்ணின பேப்பரைக் காட்டு, அப்புறம் பொண்ணு கேளு" என்று சொல்லிவிட்டார்.

விதிகளைச் சின்னையா முத்து முத்தாக எழுதினான். பரீட்சையில் தேறியவரே உறுப்பினர். உறுப்பினரே பரீட்சை நடத்தலாம். கைதட்டி ஏற்றுக்கொண்டு, முத்திரையும் செய்துவிட்டோம். அதற்கப்புறம்தான் உறைத்தது: எங்களில் யாரும் உறுப்பினர் இல்லை, யாரும் ஆகவும் முடியாது! காதர் அண்ணன்தான் வழி கண்டார். மூவரும் ஒன்றாக உட்கார்ந்து எழுதுவது. என் தாளை அவர் திருத்துவார், அவர் தாளைச் சின்னையா, சின்னையாவின் தாளை நான்.

அவர் எனக்குக் கொடுத்த கேள்வி இது. எலி பிடிக்கக் கடையில் வளர்க்கும் பூனைக்கு வாங்கும் பால் கடைச் செலவா, வீட்டுச் செலவா? பூனை எங்கே தூங்குகிறது என்பதைப் பொறுத்தது என்று இரண்டு பக்கம் எழுதித் தள்ளினேன். கமலத்தை நினைத்துக்கொண்டு எழுதினால் அப்படித்தான் வரும்.

"எங்க தூங்கினா என்னடா? எலி பிடிச்சா கடைச் செலவு. ஃபெயில்!" என்றார் காதர் அண்ணன்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சின்னையாதான் மெதுவாக ஆரம்பித்தான். "அண்ணே, இவன் ஃபெயில்னா இவன் எனக்குப் போட்ட பாஸ் செல்லாது. நான் பாஸ் இல்லேன்னா உங்களுக்கு நான் போட்ட பாஸும் செல்லாது. அப்புறம் இவனை ஃபெயிலாக்க நீங்க யாருலா?"

காதர் அண்ணன் யோசித்தார், யோசித்தார், தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் நாங்கள் இருந்த மாடிக்குக் கீழே காப்பிக்கடைச் சீனர் கழியால் தன் கூரையை இடித்தார். இருந்தாலும் காதர் அண்ணன் தாளில் போட்ட மார்க்கை மாற்றவில்லை. அடுத்த சனிக்கிழமை மறுபடி எழுதச் சொன்னார்.

வெள்ளிக்கிழமையே பத்திரிகையில் செய்தி: வருமான வரி ரத்து! என் தலையில் இடி. பரீட்சையும் இல்லை, பேப்பரும் இல்லை, கமலமும் இல்லை. தொங்கிய முகத்தோடு ஜவுளிக்கடைக்குப் போனால், அவள் அப்பா தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு இரண்டு. "வரியே போயிடுச்சு, இனி பேப்பர் எதுக்கு? கல்யாணத்துக்கு நாள் பாரு!" என்றார். எனக்கு நடக்கத் தெரியவில்லை, வீடுவரை ஓடினேன்.

கல்யாணத்தில் காதர் அண்ணன் என் காதில் சொன்னார்: "வரி திரும்ப வந்தா திரும்ப எழுது. அதுவரைக்கும் நீ ஃபெயில்தான்." பக்கத்தில் இருந்த கமலத்துக்கு அது கேட்டுவிட்டது. நாற்பது வருஷம், "ஃபெயில், சாப்பிட வாங்க" என்றுதான் கூப்பிட்டாள்.

அடுத்த உலகச் சண்டைக்குப் பிறகு வரி திரும்பி வந்தது. அதற்குள் காதர் அண்ணன் மறைந்துவிட்டார். ஊருக்குக் கப்பலேறிய சின்னையா திரும்பவில்லை. டிராம் தண்டவாளத்தின்மேல் தார் ஊற்றிவிட்டார்கள். போன தைப்பூசத்துக்கு முன்னால் கமலமும் போய்விட்டாள்.

பூனைப்பால் கடைச் செலவுதான் அண்ணே, இப்போது தெரியும். திருத்தத்தான் ஆளில்லை.