ரிவர்ஸ் கியரில் ஒரு பாட்டு

என் கணவர் வேன் ஓட்டுகிறார். காலையில் கொல்லிமலை வாசலூர்பட்டியிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு சேந்தமங்கலம் இறங்குவார், சாயங்காலம் திரும்பி மலையேறுவார். எனக்குச் செம்மேட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை. மலையில் ரேஷன் கார்டும் ஆதாரும் தவிர நகலெடுக்கப் பெரிதாக எதுவும் கிடையாது. மிச்ச நேரத்தில் நான் பாட்டு அமைத்துக்கொண்டிருப்பேன்.

கல்லூரிக் காலத்தில் வாங்கிய பழைய கையடக்க வீடியோ கேம் பெட்டி ஒன்று என்னிடம் உண்டு. பச்சைத் திரை, நான்கு பென்சில் பேட்டரி. அதில் பாட்டமைக்கவென்றே ஒரு மென்பொருள் கிடைக்கிறது. ஆனால் அந்தப் பெட்டியால் ஒரே சமயத்தில் நான்கு குரல்தான் எழுப்ப முடியும்: இரண்டு கீச்சுக் குரல், ஒரு தடித்த குரல், தாளத்துக்கு உஸ்ஸென்று ஓர் இரைச்சல். சின்ன வயதில் நான் பைத்தியமாக ஆடிய ஒரு படகுப் போட்டி விளையாட்டில், ஏரிக் கட்டத்துக்கு ஒரு பாட்டு வரும். அதில் வயலின் கூட்டமும் கோரஸும் மேளமும் இருந்தன. அத்தனையையும் இந்த நான்கு குரலுக்குள் அடைக்க மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்தேன். மெதுவான முன்னிசை, பிறகு பல்லவி, கடைசியில் இரண்டு கீச்சுக் குரல்களும் ஒன்றையொன்று துரத்துகிற மூன்றாம் பகுதி. அந்தத் துரத்தல்தான் என் உயிர்.

முடித்ததும் முதலில் அவருக்குத்தான் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"ரிவர்ஸ் ஆரன் மாதிரியே இருக்குது புள்ள" என்றார்.

நான் இரண்டு நாள் அவருடன் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள்தான் புரிந்தது, ஒரு வேன்காரர் சொல்லக்கூடிய உச்சபட்சப் பாராட்டு அது என்று. அவர் வண்டியின் பின்னோட்ட ஒலி வெகுநாளாகத் தொண்டை கட்டிக் கிடந்தது. என் பாட்டை மெமரி கார்டில் ஏற்றிக்கொண்டு போய், சேந்தமங்கலத்தில் ஓர் எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து ரிவர்ஸ் விளக்கோடு இணைத்துவிட்டார். கியரைப் பின்னால் தள்ளினால் பாட்டு தொடங்கும், எடுத்தால் நின்றுவிடும். மறுபடி தள்ளினால் முதலிலிருந்து.

முதல் வாரமே தகராறு வந்தது. என் முன்னிசை மெல்லிய ஒற்றைக் குரலில் தொடங்குவது. வாசலூர்பட்டி ஏரியின் படகுத்துறைக்கு வெளியே வேனுக்குப் பின்னால் நின்றிருந்த சுற்றுலாக்காரர் ஒருவர், அதைத் தன் செல்பேசி என்று நினைத்து எடுத்துக் காதில் வைத்து ஹலோ சொல்லியிருக்கிறார். வண்டி அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. அன்று வீட்டுக்கு வந்ததும் என் கணவர் முன்னிசையை வெட்டச் சொன்னார். அது இல்லாமல் பல்லவி வந்தால் வீட்டுக்குள் செருப்போடு நுழைந்த மாதிரி இருக்கும் என்று நான் வாதாடினேன். ஆள் அடிபட்டால் உன் முன்னிசையா ஆஸ்பத்திரிக்கு வரும் என்று கேட்டார். வெட்டிக் கொடுத்தேன்.

அதைவிடப் பெரிய வருத்தம் வேறு. வேன் பின்னால் போவதெல்லாம் பத்தடி, பதினைந்தடி. பல்லவி பாதி வருவதற்குள் நின்றுவிடும். மூன்றாம் பகுதியைக் கொல்லிமலையில் ஓர் ஆளும் கேட்டதில்லை. இதை அவரிடம் ஒருமுறை சொன்னேன். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

பிறகு ஒருநாள் கடைக்குக் காகிதம் வாங்கச் சேந்தமங்கலம் போய்விட்டுச் சாயங்காலம் அவர் வேனிலேயே திரும்பினேன். காளப்பநாயக்கன்பட்டி தாண்டி மலை ஏறத் தொடங்கியிருந்தோம். ஒரு வளைவில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரி எதிரே வந்து நின்றது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும். ஆனால் அவ்வளவு பாரத்தோடு லாரியை மேட்டில் பின்னால் எடுக்கச் சொல்ல முடியாது. என் கணவர் ரிவர்ஸ் போட்டார்.

பல்லவி மலைச்சரிவில் முட்டித் திரும்பி வந்தது. கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். கொஞ்சம் கீழே ஒதுங்க நல்ல இடம் இருந்தது. அதைத் தாண்டியும் வேன் மெதுவாகப் பின்னாலேயே போயிற்று. லாரியும் விஷயம் புரியாமல் எங்களைத் தொடர்ந்து ஊர்ந்து இறங்கியது.

பக்கத்தில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, எடம் அங்கயே இருந்துச்சுங்களே. மறுக்காச் சேந்தமங்கலத்துக்கே போறமா?"

"பாட்டு முடியட்டுங்க" என்றார் அவர்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. வெட்கமா சந்தோஷமா தெரியவில்லை, காகிதக் கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மூன்றாம் பகுதி வந்தது. கீச்சுக் குரல்கள் இரண்டும் துரத்திக்கொண்டு கிளம்பின. வேனே பேச்சை நிறுத்திக் கேட்டது. அப்போதுதான் எனக்கு அது காதில் விழுந்தது. துரத்தலின் உச்சத்தில் ஒரு சுரம் தப்பு. இயர்போனில் நூறு தடவை கேட்டும் பிடிபடாதது, மலை முழுக்க எதிரொலித்தபோது பளிச்சென்று தெரிந்தது.

பாட்டு முடிந்து வேன் ஒதுங்கியது. லாரிக்காரர் பக்கத்தில் நிறுத்தித் தலையை நீட்டினார். "வண்டில ஏதாச்சும் கோளாறுங்களா? இத்தனை தூரம் பின்னாலயே போறீங்க."

"இல்லீங்க. எங்கூட்டுப் புள்ள போட்ட பாட்டு. முழுசாக் கேக்கோணும்னுதான்."

லாரிக்காரர் என்னைப் பார்த்தார், ஸ்பீக்கர் இருந்த பக்கம் பார்த்தார். செரிங்க என்று சொல்லிவிட்டு நீளமாக ஒரு ஆரன் அடித்துக்கொண்டு போனார். பையோடு இருந்த அம்மா, எந்தக் கோயில் பாட்டு என்று என்னிடம் விசாரித்தார். வீடியோ கேம் பாட்டு என்றேன். விளையாட்டுக்குக்கூடப் பாட்டுப் போடுவார்களா என்று வியந்தவர், அதற்கப்புறம் பையைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர், பாட்டு எப்படி இருந்தது என்று கேட்டார். என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"ஒரு எடத்துல தப்பா வந்துருச்சுங்க. திருத்தோணும்."

"திருத்திக் குடு. ஆனா நீ கேட்டுப் பாக்கோணும்னா மறுக்கா எதுக்கால லாரி வரோணும்" என்றார்.

திருத்திக் கொடுத்துவிட்டேன். அதிலிருந்து கடையில் காகிதம் தீருவதற்கு முன்பே நான் சேந்தமங்கலம் கிளம்பிவிடுகிறேன். இதுவரை எதிரே வந்தவை எல்லாம் மோட்டார் சைக்கிள்கள்தான்.