சகலையின் ஆணிப் பல்

வண்ணார்பேட்டையில் லுங்கி விற்கும் சாரக்கடை வைத்திருந்த காஜா முகைதீனிடம் அந்தச் செய்தி வந்து சேர்வதற்குள் மூன்று வாய் மாறியிருந்தது. துபாயிலிருக்கும் அவர் சகலை அசன் மைதீன், தாடையெலும்பில் துளை போட்டு, விமானம் செய்கிற உலோகத்தில் ஆணி இறக்கி, அதன்மேல் பல் கட்டியிருக்கிறாராம். சொன்னவர் பக்கத்துக் கடை பீர் முகம்மது.

"கழட்டவே வேண்டாமாம் அண்ணாச்சி. கரும்பு கடிக்காராம்."

"எலும்புல ஆணி அடிச்சா சீழ் வைக்காதா வே?" என்றார் காஜா முகைதீன், வைத்தால் தேவலை என்பதுபோல.

அவருக்கும் கடைவாயில் இரண்டு பல் இல்லை. கழற்றி மாட்டுகிற தட்டுப்பல்தான். ஒரு குறையும் கண்டதில்லை. அன்றிலிருந்து அது உறுத்தத் தொடங்கியது. மாமனார் வீட்டுக்கு மூத்த மருமகன் அவர். ஆனால் ஃபிரிட்ஜும் வீசிஆரும் இளையவன் வீட்டுக்குத்தான் முதலில் வந்தன. இப்போது பல்லுமா?

ராத்திரி ரயிலேறிப் போய் மெட்ராஸில் ஒரு டாக்டரைத் தேடிப் பிடித்தார். டைட்டானியத் திருகாணியை எலும்பில் இறக்கி, ஈறை மூடித் தைத்துவிட்டு டாக்டர் சொன்னார்: "எலும்பு இதை ஒதுக்காது, ஒட்டி வளரும். நாலு மாசம் ஆகும். அதுவரை ஆணி அசையக்கூடாது. அந்தப் பக்கம் மெல்லாதீங்க, பழைய தட்டையும் மாட்டாதீங்க. பல்லைப் பிறகுதான் வைப்போம்."

இரண்டாம் மாதம் காயல்பட்டினத்தில் இன்னொரு கொழுந்தியாள் மகன் கல்யாணம். அசன் மைதீன் விடுப்பில் வந்திருந்தார். அவன் முன்னால் பொக்கை வாயோடு உட்காரவா? காஜா முகைதீன் பழைய தட்டுப்பல்லையே எடுத்து, ஆணி இருந்த ஈறின்மேல் அழுத்தி மாட்டினார்.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்றாள் மனைவி அலிமா பீவி.

"சும்மா கெட. ஒரு நேரந்தான."

பந்தியில் ஒரு சகனைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்தார்கள். எல்லாரும் ஒரே தட்டில் கை வைப்பதால், யார் எதைக் கடிக்கிறார், எதை ஒதுக்குகிறார் என்று மறைக்க வழியில்லை. ஒரு பக்கம் பீர் முகம்மது. எதிரே அசன் மைதீன்.

"காக்காவும் ஆணிப் பல் வச்சாச்சாமே? எலும்பு பிடிச்சிட்டா?" என்றார் அசன் மைதீன். மூத்த சகலையை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"ரெண்டே மாசத்துல பிடிச்சிட்டுல்லா. ஒனக்கு எவ்வளவு நாளாச்சு?"

"ஆறு மாசம்."

"எலும்பப் பொறுத்தது" என்றார் காஜா முகைதீன்.

"அப்ப அண்ணாச்சி நல்லியக் கடிக்கட்டும், பாப்போம்" என்று பீர் முகம்மது பெரிய எலும்பை அவர் பக்கம் தள்ளினார்.

கடித்தார். எலும்பு உடைந்தது. கூடவே தாடையிலிருந்து காதுவரை வலி பாய்ந்தது. கண்ணில் தண்ணீர் முட்ட, "காரம்" என்று சிரித்தார்.

"எப்பா! நான் எலும்பு பக்கமே போறதில்ல காக்கா" என்று அசன் மைதீன் மெத்தென்ற கறியைப் பிய்த்துக்கொண்டார். "கரும்பு கடிக்கேன்னு எவனோ கெளப்பி விட்டிருக்கான்."

மறுநாள் கன்னம் வீங்கியது. நாக்கு நுனி பட்ட இடத்தில் ஆணியின் தலை வெளியே தெரிந்தது. அழுத்தினால் அசைந்தது. காஜா முகைதீன் எஸ்டிடி பூத்துக்கு ஓடி மெட்ராஸ் எண்ணைச் சுழற்றினார்.

அந்த வழியாய் வந்த அசன் மைதீன் கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "கன்னம் என்ன இப்படி வீங்கியிருக்கு? எங்க துபாய் டாக்டர்ட்ட கேட்டுச் சொல்லட்டுமா காக்கா?"

வாயைத் திறக்காமலே தலையை ஆட்டி வேண்டாமென்றார் காஜா முகைதீன். கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்தினார். மெட்ராஸில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.