பத்து ரிங்

கலவை இயந்திரம் சுற்றத் தொடங்கியதிலிருந்து இசக்கித்துரைக்கு இருப்புக்கொள்ளவில்லை. கம்பி கட்டுகிற அவருடைய வேலை நேற்றே முடிந்துவிட்டது. ஆனாலும் தளம் போடும் நாளில் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு சங்கரன்கோவில் வந்துவிடுவார்.

"என்ன வே துரை, பிரசவ ஆஸ்பத்திரி வாசல்ல நிக்குத மாதிரி நடக்கீரு?" என்றார் கான்கிரீட் போடும் மைதீன் பாட்சா.

இசக்கித்துரை சிரிக்கவில்லை. எட்டாவது வரை படித்து, வரைபடம் பார்க்கத் தானாகவே பழகியவர். ஒருமுறை பழைய கடையை இடிக்கப் போன இடத்தில், உத்தரம் நடுவில் தொய்ந்து உடையாமல் தூணை ஒட்டிச் சாய்வாகக் கிழிந்திருந்ததைப் பார்த்தார். கம்பிகளைச் சுற்றிப் பூட்டும் ரிங்குகள் அங்கே எட்ட எட்டக் கிடந்தன. அன்றிலிருந்து தூணோரம் நாலு அங்குலத்துக்கு ஒரு ரிங், நடுவில் எட்டு அங்குலத்துக்கு ஒன்று. கை தானாகக் கட்டும்.

அந்தக் கைப்பழக்கம்தான் இப்போது காலை வாரியது. மாடியின் ஓரத்து பீமில், நட்டநடுவில், நாலு கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்றன. போன வாரம் வீட்டுக்காரி கோமதியம்மாள் தண்ணீர்த்தொட்டியை அங்கே மாற்றச் சொன்னதால் முளைத்த சிறு தூண். என்ஜினியர் அபிதா போனில் அனுப்பிய புதுப் படத்தை எடுத்துப் பார்த்தார். அடிக்கம்பி இரண்டு கூடுதல், அது போட்டாயிற்று. கீழே சின்ன எழுத்தில்: ரிங் முழு நீளத்துக்கும் நாலு அங்குலம். நடுவில் அவர் கட்டியிருந்ததோ எட்டு.

நடுவில் உட்காரும் பாரம் இரண்டு பக்கத் தூணுக்கும் இந்த வழியாகத்தானே போகவேண்டும்? வழியில் எங்கே வேண்டுமானாலும் கிழியலாம்.

"பாட்சா, இந்த பீமுக்கு வராதேரும்! தெக்கேருந்து போட்டுக்கிட்டு வாரும். பத்து ரிங் குறையுது."

"யாரு கட்டுனது?"

"நாந்தான் வே."

பாட்சா ஆட்களைத் தெற்கே திருப்பினார். கீழேயிருந்து கோமதியம்மாள், "நல்ல நேரம் போயிரும் தம்பி, பிறவு பாத்துக்கிடலாம்லா?" என்றார்.

"பிறவு பாக்க முடியாதுக்கா. உள்ள போயிருச்சுன்னா போனதுதான்."

போனில் அபிதாவிடம் மறைக்காமல் சொன்னார். "வெளிப்பக்கப் பலகையக் கழத்திப் போடுங்கண்ணே. நான் பஸ் ஏறிட்டேன், வந்து பாத்த பிறவுதான் ஊத்தணும்" என்றாள் அவள்.

பலகையைக் கழற்றி, ரிங்கின் வாயை விரித்து, பக்கவாட்டில் நுழைத்து, அடிக்கம்பிக்குக் கீழே கொடுத்து, மேலே கொக்கியை மடக்கினார். ஒன்று. விரல் கிழிந்தது. தெற்கே, ஊற்றிய கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரின் உறுமல் பன்னிரண்டு அடியில் இருந்தது. நாலு. எட்டடி. ஏழாவது ரிங்கில் கொக்கி மடங்க மறுத்தது, அடித்து மடக்கினார்.

"கலவை இறுகுது வே!" பாட்சாவின் குரல்.

பத்தாவதைக் கட்டி நிமிர்ந்தபோது அபிதா டேப்போடு குனிந்திருந்தாள். ஒவ்வொரு இடைவெளியாக அளந்துகொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். "இது ஆறு இருக்கு, அண்ணே."

அவர் மறுபடி முழந்தாளிட்டு, கட்டுக்கம்பியை அவிழ்த்து, ரிங்கை நகர்த்தி இறுக்கினார். அவள் திரும்ப அளந்தாள். பலகை ஏறியது. நல்ல நேரம் போய் அரைமணியாகியிருந்தது.

"இனி ஊத்தும் வே" என்றார் இசக்கித்துரை. சொல்லிவிட்டும் அங்கேயே நின்றார்.