கெட்டில் மேல் விழுந்த பழி

ஏழாவதோடு படிப்பை விட்டவள் நான். தில்லியில் ஓர் இன்ஜினீயர் ஆபீஸில் எலக்ட்ரிக் கெட்டிலில் டீ போடுகிற வேலை. சோலார், பேட்டரி, ஜெனரேட்டர் எல்லாம் சேர்ந்து ஒரு கிராமத்துக்குக் கரண்ட் கொடுத்தால் தாங்குமா என்று, கட்டுவதற்கு முன்பே அங்கே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பார்கள்.

ஒரு ஜனவரிக் குளிரில் ஆபீஸ் ஃபியூஸ் போனது. பெரிய இன்ஜினீயர் சேகர் ஸார் காலையிலிருந்து ஓட்டியது அத்தனையும் அழிந்துவிட்டது.

"உன் கெட்டில்தான்! நாளையிலேருந்து வராதே!" என்று எல்லார் முன்னாலும் கத்தினார்.

இந்த ஆள் தலைகுனிவதைப் பார்க்காமல் போகக்கூடாது என்று மனசுக்குள் கறுவினேன்.

ஃபியூஸை மாற்றியதும் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் ரேவதி மேடம், "இருங்க ஸார், ஓட்டிப் பாத்துடலாம்" என்று, கிராமத்துக்குப் பதிலாக எங்கள் ஆபீஸையே கம்ப்யூட்டரில் போட்டார். விளக்குகள், கம்ப்யூட்டர்கள், என் கெட்டில். ஃபியூஸ் தாங்கியது.

"இன்னும் ஏதோ பெருசா ஓடியிருக்கணுமே ஸார்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லே."

"அச்சா, ஒரு ரூம் ஹீட்டரைச் சேத்துப் பாக்கறேன்."

திரை சிவந்தது; ஃபியூஸ் தாங்கவில்லை. பியூன் ராம்லால் சேகர் ஸாரின் மேஜைக்கு அடியில் குனிந்தான். "அரே ஸாப்!" என்று சிரித்தபடி, ஆபீஸில் வைக்கக்கூடாத ஹீட்டரை வெளியே இழுத்தான்.

"ஸாரிம்மா" என்று ஸார் முணுமுணுத்தார்.

"கத்தினது எல்லாருக்கும் கேட்டுதே ஸார். இதையும் சத்தமாச் சொல்லுங்க."

எனக்கு எப்படித்தான் வாய் வந்ததோ! சொன்னார்.

வேலை போய்விடுமோ என்று அப்புறம் பல நாள் பயந்து செத்தேன். ஆனால் அவரை மன்னித்திருக்கலாம் என்று இன்றுவரை ஒருமுறைகூடத் தோன்றவில்லை.