எலிகளுக்காக ஓய்ந்த வாத்தியம்

எங்கள் கோச்சபம்பா ஊர் பேண்டில் தூபா என்னும் பெரிய ஊதுகருவியை வாசிக்கிறவன் பௌஸ்தினோ. நான் மேளக்காரன். அவன் மனைவி எர்மெலிந்தா சந்தையில் தார்வி விற்றவள். அந்த வெள்ளைப் பயறை ஊறவைத்துக் கசப்பெடுத்து, “இதயத்துக்கு நல்லது” என்று கூவி விற்றே பிள்ளைகளை ஆளாக்கினாள். கடைசிப் பெண் வேலைக்குப் போனதும், இவள் பல்கலைக்கழகத்தில் சத்துணவு படிக்கச் சேர்ந்தாள். தான் கூவி விற்றது உண்மைதானா என்று பார்க்க வேண்டுமாம்.

கடைசி வருட ஆய்வுக்கு எலிகள் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் பன்றிக்கொழுப்பும் கொலஸ்ட்ராலும் கலந்த தீவனம். பாதி எலிகளுக்கு மட்டும் அதோடு தார்வி மாவு. இரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு மாறுகிறது என்பதுதான் கேள்வி.

பௌஸ்தினோவுக்குப் பொறாமை.

“எலியை வாராவாரம் எடை பாக்குற. என்னை ஒருநாள் பாத்தியா?”

“உன்னைத் தாங்குற தராசு இந்த ஊர்ல இல்லய்யா” என்றாள் அவள்.

இரத்தம் எடுப்பதற்கு முந்தின நாள்தான் எங்கள் பேட்டையின் கார்னிவல் திருவிழா ஊர்வலம். அது பல்கலைக்கழகத்தின் எலிக்கூடம் இருக்கும் தெரு வழியாகத்தான் போகும். எர்மெலிந்தா ஒத்திகைக்கே வந்துவிட்டாள். சத்தத்தில் எலிகள் மிரண்டு தீனி எடுக்காமல் போனால், கொழுப்பு குறைந்தது தார்வியாலா பட்டினியாலா என்று தெரியாது. வருடம் முழுக்கச் செய்த வேலை வீணாகும் என்றாள். அந்த ஒரு தெருவில் மட்டும் வாசிக்காமல் போகச் சொல்லிக் கேட்டாள். எலிக்குப் பயந்து பேண்டு வாயை மூடினால் ஊரே சிரிக்கும் என்று பேண்டுத் தலைவர் முறைத்தார்.

பௌஸ்தினோ தூபாவைக் கீழே வைத்தான். “சிரிக்கட்டும். அந்தத் தெருவுல நான் ஊதமாட்டேன்.”

தூபா இல்லாமல் பேண்டா? தலைவர் இறங்கி வந்தார்.

ஊர்வலத்தன்று தெருமுனையில் வாசிப்பு நின்றது. சலங்கை பூட்ஸ் போட்ட ஆட்டக்காரர்கள் சலங்கையைக் கையால் பொத்திக்கொண்டு, குனிந்தபடியே நுனிக்காலில் நடந்தார்கள். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. காரணம் காதோடு காதாகப் பரவியதும், திருவிழா விளையாட்டாக எல்லார் மேலும் எறியத் தண்ணீர்ப் பலூனோடு நின்ற பிள்ளைகள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வாசலில் வெள்ளைக் கோட்டோடு நின்ற எர்மெலிந்தா கண்ணைத் துடைத்தபடி கையசைத்தாள். அடுத்த தெருவுக்குள் நுழைந்ததும் நான் அடித்த அடியில் மேளத்தோல் கிழியாததே ஆச்சரியம்.

எலிகள் தீனியை மிச்சம் வைக்கவில்லை. தார்வி தின்றவற்றின் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறைவாக இருந்தது. ஈரலிலும் அவ்வளவாகக் கொழுப்புப் படியவில்லை. முடிவு தெரிந்த மத்தியானம் அவள் வீட்டிலேயே எங்களுக்கெல்லாம் விருந்து. வறுத்த பன்றிக்கறித் தட்டின் மேல் பௌஸ்தினோ தார்வியை அள்ளிக் கொட்டினான்.

“இனிமே கவலையில்லாம சாப்பிடலாம்ல?”

“எலிக்குத்தான் அப்படி ஆச்சு. மனுஷனுக்கு எப்படின்னு இன்னும் நான் பாக்கல.”

“அப்ப என்னையும் கூண்டுல போடு.”

“போடலாம். ஆனா கூண்டுல பன்றிக்கறியை நான்தான் அளந்து வைப்பேன்” என்று தட்டை நகர்த்தி, அவனை ஆட இழுத்துக்கொண்டு போனாள்.