பல் பிடுங்கிய குழி

மலேசியாவின் கேரி தீவில், செம்பனைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஆனாலும் கிள்ளானில் எஞ்சினியர்கள் கைவிட்ட சதுப்பில் ஆறு கடைவீடுகளை நிறுத்தினேன். இன்றுவரை ஒரு சுவரில் விரிசல் இல்லை. ரவாங்கில் கோயில் மண்டபம். சாலாக் செலாத்தானில் சொந்த வீடு. எல்லாம் இந்தக் கையால்.

பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்கில் என் மனைவிக்குக் கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பிடுங்க வேண்டியிருந்தது. மறுபக்கத்துப் பற்கள் முன்பே போய்விட்டன. ஆகவே தாடை எலும்பில் ஸ்குரூ இறக்கிப் பல் கட்டும் இம்பிளாண்ட் வைக்கத்தான் போனோம். டாக்டர், எங்கள் மகள் வயதுப் பெண்.

“அங்கிள், பல்லு போன இடத்துல தாடை எலும்பு கரைஞ்சுடும். பிடுங்குனதும் குழியில எலும்புத் தூள் போட்டு மூடிட்டா அப்படியே நிக்கும். சில மாசம் கழிச்சு ஸ்குரூ வைக்கலாம்.”

“என்ன எலும்பு?”

“சுத்தப்படுத்துன மாட்டெலும்பு. அது வேணாம்னா...”

முடிக்க விடவில்லை நான். தைப்பூசத்துக்கு ஒரு மண்டலம் விரதம் இருப்பவள் வாயில் மாடா?

“என்னங்க, டாக்டர் சொல்லி முடிக்கட்டுமே,” என்றாள் மனைவி.

“நீ சும்மா இரு. நான் பாக்காத குழியா? தானா மூடிக்கும் லா.”

மூடத்தான் செய்தது. அடுத்த தைப்பூசம் கழித்துப் போனபோது டாக்டர் எக்ஸ்ரேயை நெடுநேரம் பார்த்தாள். மேலே சதை மூடியிருந்தது. உள்ளே எலும்பு கத்தி முனைபோல் மெலிந்து, இறங்கிப் போயிருந்தது. ஸ்குரூ பிடிக்க இடமில்லை. உடம்பில் வேறிடத்திலிருந்து எலும்பெடுத்து வைக்கலாம், ஆனால் அந்த ஆபரேஷனை ஆன்டியின் பலவீனமான இருதயம் தாங்காது என்றாள்.

“அன்னைக்கு என்னம்மா சொல்ல வந்தே?”

“மாட்டெலும்பு வேணாம்னா செயற்கைத் தூள் இருக்குன்னு, அங்கிள்.”

காரில் மனைவி பின்சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

இப்போது ரொட்டி சானாய் பருப்பில் ஊறிக் கூழானால்தான் அவளுக்குச் சாப்பாடு. கழற்றி மாட்டும் பல்செட் நிற்காமல் வழுக்குகிறது. நாங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

போன ஞாயிறு மகன் சொன்னான்: “மாடு மாடுன்னு பயந்து அம்மாவே கெடுத்துக்கிட்டாங்க.” மகள் சிரித்தாள். மனைவி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

பிள்ளைகளே, அதனால்தான் எழுதுகிறேன். டாக்டர் சொல்வதைக் கேட்கச் சொன்னாள் உங்கள் அம்மா. வேண்டாம் என்றவன் நான். அதை என் கணக்கில் வையுங்கள். அவள் காதுபட, கெடுத்தவன் நான்தான் என்று என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்.