டாக்டர் பிக்கெட் மேல் நான் எழுதிய மனு

டாக்டர் ஆர்லீன் பிக்கெட் போன மார்ச் மாதம் இறந்துபோனார். வயது எழுபத்தொன்று. டெக்சாஸின் சுகர் லேண்டில் என் மகள் ஃபெமினா படித்த உயர்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்திய கறுப்பின ஆசிரியை. அவரைப் பற்றி எழுதத் தகுதியுள்ளவர்கள் இந்த ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். அந்த ஆயிரத்தில் நான் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன், என் பங்கை வேறு யாரும் எழுத மாட்டார்கள்.

அவர் பிறந்தது கிழக்கு டெக்சாஸில் ஒரு சின்ன ஊர். அப்பா மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்தவர். அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் ஆர்லீன். அடிமைமுறை ஒழிந்த பிறகு கறுப்பின விவசாயிகள் தங்கள் கைக்காசைப் போட்டுக் கட்டிய பள்ளிக்கூடங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து பிஎச்டி வாங்கினார். ஓட்டை கார் ஒன்றில் ஊர் ஊராகப் போய், வயதானவர்களைப் பேசவைத்து டேப்பில் பதிவு செய்தார். பன்னிரண்டு வருடம் கல்லூரியில் பாடம் எடுத்தார், ஒரு புத்தகம் எழுதினார். அப்புறம் அதையெல்லாம் விட்டுவிட்டு உயர்நிலைப் பள்ளிக்கு வந்தார். "இருபது வயதில் சொன்னால் பிள்ளைகள் குறிப்பெடுக்கிறார்கள். பதினைந்தில் சொன்னால் கோபப்படுகிறார்கள். எனக்குக் கோபப்படுகிறவர்கள்தான் வேண்டும்" என்பாராம்.

நம் ஆட்களுக்கு இது பிடிபடவே இல்லை. "பிஎச்டி முடிச்சவங்க எதுக்கு சார் ஸ்கூல்ல வந்து உக்காரணும்? அங்க ஏதோ பிரச்சினையாகி அனுப்பியிருப்பாங்க" என்றார் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபையின் ஜீவரத்தினம். அவர் மகனும் ஃபெமினாவும் டாக்டர் பிக்கெட்டின் மேல்மட்ட வரலாற்று வகுப்பில் இருந்தார்கள், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கானது அது. நானும் தலையாட்டினேன்.

2016-இல் டாக்டர் பிக்கெட் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தார். அவரவர் வீடு நிற்கும் நிலத்தில் முன்பு யார் இருந்தார்கள் என்று தேடி எழுத வேண்டும். ஊர் பெயரிலேயே சர்க்கரை இருக்கிறது. ஒரு காலத்தில் கைதிகளைக் குத்தகைக்கு எடுத்துக் கரும்பு வெட்டவைத்த மண் இது. ஃபெமினா கவுன்ட்டி அலுவலகத்தின் நில ஆவணங்களில் மூழ்கி, நூற்றைம்பது வருடத்து நில உரிமையாளர்களை வரிசையாக எழுதிக்கொடுத்தாள். கிடைத்தது பி கிரேடு. ஓரத்தில் டீச்சர் எழுதியிருந்தார்: 'நிலத்தை வாங்கியவர்கள் பெயர் எல்லாம் இருக்கிறது. அதில் உழைத்தவர் ஒருவர் பெயர்கூட இல்லை. தேடிக் கொண்டு வா, மார்க்கைத் திருத்துகிறேன்.'

ஃபெமினா சந்தோஷமாகத்தான் தேட ஆரம்பித்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. டெக்சாஸில் ரேங்க் லிஸ்ட்டில் மேலே இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் அரசுப் பல்கலைக்கழகத்தில் தானாக இடம் கிடைக்கும். ஒரு பி விழுந்தால் எத்தனை இடம் சரியும் என்று எக்செல்லில் கணக்குப் போட்டு வைத்திருந்தவன் நான்.

எங்கள் பாளையங்கோட்டைப் பக்கத்துச் சபைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாஸ்டரைப் பிடிக்கவில்லை என்றால் அவரிடம் நேரே போய்ப் பேச மாட்டோம். நாலு பேர் கூடி பிஷப்புக்கு ஒரு மனு போடுவோம். அடுத்த மே மாதம் மாற்றல் வந்துவிடும். கடல் தாண்டி வந்தும் அந்தப் புத்தி போகவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து, பேப்பர் தட்டில் பிரியாணியோடு நின்றபடியே ஜீவரத்தினம் ஆரம்பித்தார்.

"நேர்ல போய்க் கேட்டா பசங்க மார்க்ல கை வெச்சிருவாங்க. எல்லாருமா சேர்ந்து பிரின்சிபாலுக்கு ஒரு லெட்டர் குடுத்துருவோம். சைலஸ், உங்க இங்கிலீஷ் நல்லாருக்கும், நீங்களே டிராஃப்ட் பண்ணுங்க."

பெருமை தாங்கவில்லை எனக்கு. அன்றைக்கே எழுதிவிட்டேன். பதினோரு பெற்றோர் கையெழுத்துப் போட்டார்கள். அதில் ஒரு வரியை மட்டும் சொல்கிறேன்: 'இந்த மேல்மட்ட வகுப்பை நடத்த இவருடைய கல்வித் தகுதி போதுமானதா என்ற ஐயம் எங்களுக்கு எழுகிறது.' பிஎச்டி முடித்து, புத்தகம் எழுதியவரைப் பற்றி, வெறும் பி.ஈ. படித்த நான் எழுதினேன். அவர் வெள்ளைக்காரராக இருந்திருந்தால் அந்த வரி எனக்குத் தோன்றியிருக்குமா? தோன்றியிருக்காது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஆகஸ்டில் அவரிடமிருந்து அந்த வகுப்பைப் பிடுங்கிவிட்டார்கள். பாடத்தில் பின்தங்கிய பிள்ளைகளின் வகுப்பைக் கொடுத்தார்கள். அடுத்த வருடமும் அவரிடமே படிக்கப் போகிறோம் என்றிருந்த ஃபெமினா அழுதாள். "அவங்களே கேட்டு மாறிட்டாங்களாம்மா. வயசாயிருச்சுல்ல" என்று அவளிடம் சொன்னேன். என் மனைவி ஜெயலீலா என்னை ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு வருடத்தில் டாக்டர் பிக்கெட் ஓய்வு பெற்றார்.

ஃபெமினா இப்போது ஆஸ்டினில் வரலாறு முதுகலை படிக்கிறாள். சாவுச் செய்தி கேட்டதும் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். நினைவு ஆராதனையில் பழைய மாணவர்கள் இரண்டு நிமிடம் பேசலாம் என்று அறிவித்திருந்தார்கள். என்னையும் கூட வரச் சொன்னாள். மறுக்கக் காரணம் கிடைக்காமல் போனேன்.

ஹூஸ்டனின் தெற்கில் ஒரு பழைய சர்ச். வெள்ளைக் கையுறை போட்ட பெண்கள் எங்களை இடம் பார்த்து உட்காரவைத்தார்கள். பாட்டும் கைதட்டலுமாக ஒரு மனுஷியைக் கொண்டாடி அனுப்பிவைத்தார்கள். ஃபெமினாவின் முறை வந்தது. அவள் தமிழ் புரிந்துகொள்வாள், பேசுவது ஆங்கிலம். அவள் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"நான் வரலாறு படிக்கக் காரணம் டாக்டர் பிக்கெட். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வகுப்பு வேண்டாம் என்று அவர் விட்டுப் போனபோது எனக்கு ரொம்பக் கோபம். அவர் தேடச் சொன்ன பெயர்களில் நான்கைக் கண்டுபிடித்திருந்தேன், காட்டவே இல்லை. எதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொண்டேன். அதன்பிறகு போய்ப் பார்க்கவும் இல்லை. அவர் என்னை மன்னிக்க வேண்டும்."

"பரவாயில்லை, கண்ணு" என்று யாரோ ஒரு அம்மா சத்தமாகச் சொன்னார். சபை முழுக்க ஆமென் சொன்னது. என் பிள்ளை செய்யாத பாவத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டு ஹாலில் டாக்டர் பிக்கெட்டின் கணவர் வால்டர் தனியாக உட்கார்ந்திருந்தார். அருகே போய், உங்கள் மனைவியைப் பற்றிப் பள்ளிக்குப் புகார் எழுதியவன் நான் என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எந்தப் பள்ளி?"

"சுகர் லேண்ட்."

"அங்கே மூன்று வந்தது. அதில் உங்களுடையது எது?"

எட்டு வருடமாக ஒரு பெரிய பாரத்தைச் சுமக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அந்த வீட்டில் அது எத்தனையோ கடிதங்களில் ஒன்று. வருடத்தைச் சொன்னேன்.

"ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் சரியாகச் சாப்பிட மாட்டாள்" என்றார் அவர். "அப்புறம் எழுந்து நோட்டுத் திருத்தப் போய்விடுவாள். நான்கு பெயர் கண்டுபிடித்த பெண் உங்கள் மகளா?"

"ஆமாம்."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்படியானால் என்னிடம் வந்து என்ன செய்கிறீர்கள்?"

பார்க்கிங்கில் ஃபெமினா கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். நின்ற இடத்திலேயே சொன்னேன். "ஃபெமி, அவங்களா போகலம்மா. நாங்கதான் லெட்டர் குடுத்து மாத்த வெச்சோம். நான்தான் எழுதினேன். உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"அவருடைய சாவு வீட்டில், அவருடைய ஆட்கள் முன்னால், அவர் எங்களைக் கைவிட்டுப் போனார் என்று சொல்லிவிட்டேன்" என்றாள். "எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள், அப்பா. எனக்கு!"

சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு சர்ச் பக்கம் திரும்பினாள்.

"எங்கம்மா போற?"

"திருத்திச் சொல்லப் போகிறேன். உங்கள் பெயரையும் சொல்லுவேன். அப்போது அங்கே நிற்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்."

கதவு வரைக்கும் அவள் பின்னால் நடந்தேன். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு அவள் போனாள். நான் போகவில்லை. காருக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டேன். உள்ளே அவள் என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியம் வரவில்லை.